சும்மா சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் சந்தைக்கும் போகாமல், ஓடவேண்டும் என்ற ஆசைக்காகவே சைக்கிளில் ஏறுகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் கொக்குவிலில் இருக்கிறேன். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில் வீட்டிலிருந்த பழைய லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். பெற்றோல் வந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை. சைக்கிள் திருத்துவது என் தொழில் அல்ல, பந்தயங்களில் ஓடினவனும் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

"எங்கை போறியள்?" என்று வழியெல்லாம் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"சும்மா ஓடுறன்" என்று சொல்லுங்கள். முதல் மாதம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்வி வம்புக்காகக் கேட்கப்படுவதில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் ஒருநாளும் விளையாட்டுச் சாமானாக இருந்ததில்லை. 1990 களில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது விறகு, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், காய்ச்சல்காரர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் கரியரில்தான் போனார்கள். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது, வீட்டிலிருந்து எதை எடுப்பது எதை விடுவது என்பதைச் சைக்கிள்தான் தீர்மானித்தது. ஹான்டிலில் எவ்வளவு தொங்கும், கரியரில் எவ்வளவு நிற்கும், அவ்வளவுதான் வீடு. அதைக் கண்டவர்களுக்கு, சுமை எதுவும் இல்லாமல் ஒருவர் விடிய வெள்ளென வேர்த்து ஒழுகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு போவது விளங்காது. ஏதோ அவசரம் என்றுதான் நினைப்பார்கள். உதவி செய்யலாமோ என்பதற்காகவே பலர் கேட்கிறார்கள்.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள் ஓடுகிறவர் வசதியில்லாதவர் என்றொரு எண்ணமும் கூடவே வந்தது. "ஏன் தம்பி, பைக் பழுதோ?" என்று கேட்பவர்களிடம் கோபிக்காதீர்கள். ஆனைக்கோட்டையில் மீன் விற்கும் ஐயா ஒருவர் ஆறு மாதமாக என்னிடம் அப்படித்தான் கேட்டார். இப்போது "இண்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார்.

என்ன சைக்கிள் வாங்கலாம்? கியர் வேண்டுமா?

குடாநாடு தட்டை. ஏற்றம் என்று சொல்ல மதகுகளும் பாலங்களும்தான் உண்டு. 21 கியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். மலைச் சைக்கிள் என்று விற்கப்படும் தடித்த ரயரும் முன் ஸ்பிறிங்கும் உள்ள பாரமான வண்டிகளை இளம்பிள்ளைகள் விரும்பி வாங்குகிறார்கள். தார் போட்டு மட்டமாக்கிய காப்பெற் தெருவில் அந்த ஸ்பிறிங் உங்கள் உழைப்பில் ஒரு பங்கைத் தின்னுமே தவிர வேறு பயன் இல்லை.

வீட்டில் பழைய லுமாலாவோ ரலியோ இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். ஒரு மணித்தியாலத்தில் 15 கிலோமீற்றர் தாராளமாகப் போகலாம். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மாதம் தொடர்ந்து ஓடிய பிறகும் ஆசை குறையாவிட்டால் ஆறேழு கியர் உள்ள, 35 மில்லிமீற்றர் அளவு ரயர் போட்ட, பாரம் குறைந்த சைக்கிள் ஒன்று பாருங்கள். கியர் எங்களுக்கு வேண்டியது மலைக்கு அல்ல, காற்றுக்கு.

அளவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பாருக்கு மேலாகக் கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி நிற்க முடிய வேண்டும். அப்பாவின் உயரத்துக்கு வாங்கிய சைக்கிளில் நாரியை இப்படியும் அப்படியும் நெளித்து ஓடுகிறவர்களை ஒவ்வொரு நாளும் காண்கிறேன்.

காற்றுக்கு எதிராக ஓடவே முடியவில்லை. எனக்குப் பலம் போதாதா?

போதும். உங்கள் கணக்குத்தான் பிழை.

மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறீர்கள், எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வருகிறது என்று வைப்போம். உங்கள் நெஞ்சில் படுவது 35 கிலோமீற்றர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே, காற்றே இல்லாத நாளில் உங்களைத் தடுத்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான தடை இப்போது தடுக்கிறது. அதே வேகத்தில் போகவேண்டும் என்று முயன்றால் யாருக்கும் முழங்கால் போய்விடும். கியரைக் குறையுங்கள். கியர் இல்லாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முழங்கையை மடித்து நெஞ்சைத் தாழ்த்துங்கள். கூட ஒருவர் வந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக முன்னே மாறி மாறிப் போங்கள். பின்னால் வருகிறவருக்குக் களைப்பு நன்றாகக் குறைவதை உடனே உணர்வீர்கள்.

இன்னொன்று. எங்கள் கடற்றொழிலாளருக்குக் காற்றுகளின் பெயர் தெரியும், சைக்கிள்காரருக்கும் தெரியவேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. மார்கழி, தையில் வாடை, வடகிழக்கிலிருந்து. நான் வைத்திருக்கும் முறை இதுதான்: சோளகத்தில் தென்மேற்கே தீவுப் பக்கம் போ, வாடையில் வடகிழக்கே பருத்தித்துறைப் பக்கம் போ. போகும்போது உடம்பு புதிது, காற்றை எதிர்க்கலாம். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்து ஒருநாள் சோளகத்தில் பருத்தித்துறைக்குப் பறந்துபோய், திரும்பும்போது வல்லை வெளியில் அகப்பட்டேன். மரம் இல்லை, மதில் இல்லை, இரண்டு பக்கமும் வெளி. பக்கவாட்டில் அடித்த காற்றை ஒரு டிப்பர் கடக்கும்போது சட்டென்று மறைத்தது, கடந்ததும் திரும்ப அடித்தது. கரையில் விழுந்தேன். முழங்கை உரிந்ததோடு போயிற்று. வெட்டவெளியில் பெரிய வாகனம் கடக்கும்போது ஹான்டிலை இறுக்காமல், ஆனால் இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது?

ஐந்தரைக்கு. எட்டரைக்கு முன் வீட்டில் நிற்கவேண்டும். பனை நிழல் தராது. தீவுத் தெருக்களில் அந்தப் பனையும் சில இடங்களில் இல்லை. விடியற்புறத்தில் காற்றும் அமர்ந்திருக்கும், வாகனமும் குறைவு. பின்னேர ஓட்டம் என்றால் ஐந்து மணிக்குப் பிறகு, ஆனால் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளும் வேலை முடிந்து போகும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும்.

ஐந்தரைக்கு இருட்டு. முன்னுக்கு வெள்ளை வெளிச்சம், பின்னுக்குச் சிவப்பு. டைனமோ உள்ள பழைய சைக்கிள் என்றால் நின்றவுடன் லைட்டும் நின்றுவிடும் என்பதை மறக்கவேண்டாம். சந்தியில் நிற்கிற நேரத்தில்தான் பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தெரியவேண்டும், ஆகையால் பின் லைட் பற்றரியில் எரிவதாக இருக்கட்டும். தெருவில் படுத்திருக்கும் மாட்டுக்கு லைட் இல்லை, அதற்கும் சேர்த்து நீங்கள்தான் வெளிச்சம் பிடிக்கவேண்டும். ஹெல்மெற் போடுங்கள். "சைக்கிளுக்கு ஹெல்மெற்றோ?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

எந்தப் பாதைகள் நல்லவை?

இதற்கு நாள் முழுக்க விடை சொல்லுவேன்.

முதன்முதலாக ஓடுகிறவருக்குப் பண்ணைப் பாலம். கோட்டையைக் கடந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர். மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்பினால் நகரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு உள்ளேதான். சூரியன் நகரத்துக்குப் பின்னால் எழும்பும், ஆகவே திரும்பி வரும்போது கண்ணில் அடிக்கும். தொப்பி விளிம்பு உதவும். களங்கண்டி வலைகளின் தடிகளில் நீர்க்காகங்கள் இறகு காயவைத்துக்கொண்டிருக்கும். நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருநாளும் அலுத்ததில்லை.

அதே தெருவில் நேரே போனால் அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் பாலம் என்று ஊரார் சொல்லும் நீண்ட தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கே சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகலாம், படகுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நெடுந்தீவில் கல்வேலிகளுக்கு நடுவே ஓடுவது ஒரு தனிச் சுகம். பெருக்கமரமும் குதிரைகளும் பார்க்கலாம். ஆனால் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

கீரிமலைக்குக் காங்கேசன்துறை வீதியால் போனால் தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று கடைத்தெருக்கள் நிறைய. எனவே ஞாயிறு விடிய மட்டும். மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்பினால் கொஞ்சத் தூரம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணியில் இறங்கி முழுகினால் ஓடிய களைப்பு கழன்று போகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி உண்டு. மாற்று உடுப்பு ஒன்று பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போங்கள். ஆடி அமாவாசைக்கு மட்டும் சைக்கிளில் அந்தப் பக்கம் போகவேண்டாம், சனம் தாங்காது.

கசூரினாவுக்குப் போகிறவர்கள் மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை வழியாகப் போய்ப் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குள் இறங்குங்கள். பருத்தித்துறை வீதியில் கோப்பாய் தாண்டி நீர்வேலி வரை செம்மண்ணும் வாழைத்தோட்டமும். இறைப்பு நடக்கும் நேரத்தில் அந்த ஈர மண் மணம் வரும். அதற்காகவே சில நாள் அந்தப் பக்கம் போகிறேன்.

நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் நாவற்குழியில் திரும்பிக் கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி. அந்தப் பாலம் 2011 இல் திறக்கப்பட்டது. முன்பு அந்த இடத்தைக் கடக்கப் பாதை என்று சொல்லும் மிதவையை நம்பியிருக்க வேண்டும். கண்டி வீதியில் ஆனையிறவுக்குப் போகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும்: பஸ்களும் லொறிகளும் வேகமாக வரும். முகமாலைப் பக்கத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு காரணத்துக்கும் தெருவை விட்டு இறங்கவேண்டாம், சிறுநீர் கழிக்கக்கூட. மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கும் நிலம் அது.

அடிக்கடி காற்றுப் போகிறது. ஏன்?

நெருஞ்சி முள். தெருக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடல் பார்க்கும்போது ஏறும், ஏறிய உடனே காற்றுப் போகாது, வீட்டுக்கு வந்து மறுநாள் விடியத்தான் தெரியும். உடைமுள்ளும் அப்படித்தான். சைக்கிளை எப்போதும் தார்மேலேயே நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் சில்லைச் சுற்றி ரயரை ஒருமுறை கண்ணால் பாருங்கள், பாதி ஏறின முள்ளைப் பிடுங்கிவிடலாம்.

இரண்டாவது காரணம் காற்றுக் குறைய ஓடுவது. ரயரின் பக்கத்திலேயே எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். 35 மில்லிமீற்றர் ரயருக்கு 50 பி.எஸ்.ஐ. அளவு எனக்குப் பொருந்துகிறது. விரலால் அமத்திப் பார்ப்பது போதாது. காற்றுக் குறைந்தால் குழியில் விழும்போது ரியூப் றிம்முக்கும் ரயருக்கும் நடுவே நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளை வரும். ஒரு துளைக்கு ஒட்டுப்போட்டுவிட்டு மற்றதைக் காணாமல் விட்டவர்கள் பலர்.

புதிய ரியூப் ஒன்று, ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, சின்னப் பம்ப் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் பண்ணையைத் தாண்ட வேண்டாம். ஒருமுறை வாணர் பாலத்தின் நடுவில் பத்து மணி வெயிலில் காற்றுப் போய், கையில் ஒன்றும் இல்லாமல் சைக்கிளை உருட்டினேன். கடலில் நின்ற ஒருவர் வலையை விட்டுவிட்டு வந்து, தன்னுடைய சைக்கிளைத் தந்து, என்னுடையதைத் தான் உருட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுக்கத்தான் முடிந்தது.

அரைமணித்தியாலத்திலேயே இருக்கை நோகிறது, கை விறைக்கிறது.

இருக்கை நோவுக்கு மெத்தென்ற சீற் உறை வாங்காதீர்கள். இருக்கும்போது உடம்பைத் தாங்க வேண்டியவை இரண்டு எலும்புகள். மெத்தை கூடினால் எலும்பு புதைந்து, சுமை நடுவிலுள்ள மென்மையான இடத்துக்குப் போய்விடும். முதல் இரண்டு கிழமை எல்லாருக்கும் நோகும், பிறகு பழகும். பழகாவிட்டால் சீற் உயரத்தைப் பாருங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் முழுதாக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு இருக்கும், அதுதான் சரி. எங்கள் ஊரில் கால் நிலத்தில் படவேண்டும் என்று சீற்றைப் பதித்து வைத்திருப்பார்கள். முழங்கால் நோவின் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

கை விறைப்பது உள்ளங்கையின் சின்னவிரல் பக்கத்தால் போகும் நரம்பு அமத்தப்படுவதால். பிடியை அடிக்கடி மாற்றுங்கள், சீற்றின் மூக்குக் கீழே சரிந்திருந்தால் நேராக்குங்கள். சரிந்த சீற் உடம்பு முழுவதையும் கையில் கொண்டுவந்து போடும். இரவிலும் விறைப்புப் போகாவிட்டால் சில நாள் ஓடாமல் இருந்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

என்ன குடிப்பது, என்ன தின்பது?

ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் தண்ணீர் போதும். அதற்குமேல் போனால் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும். வெளிநாட்டுப் பொடிகளில் இருப்பதும் அடிப்படையில் இதுதான். கடிக்கப் பனங்கட்டித் துண்டு, எள்ளுருண்டை, இரண்டு கதலிப்பழம். கச்சானும் நல்லது, ஆனால் ஓடும்போது அல்ல, நிற்கும்போது. பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டைக் கையில் வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு ஓடலாம், உருகாது, ஒட்டாது, பைக்குள் நசுங்காது. எங்கள் ஆச்சிமார் கண்டுபிடித்த அந்தச் சாமானைவிட நல்லது ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

நாய்கள்?

துரத்தினால் வேகம் கூட்டவேண்டாம். அநேகமான நாய்கள் ஓடுவதைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டு நடவுங்கள். கடித்தால், கீறினால்கூட, உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று ஒருபோதும் வேண்டாம்.

பெண்கள் தனியாக இப்படி ஓடலாமா?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வருவதே எனக்கு வருத்தம். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், வேலை என்று பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சைக்கிளில்தான் போய்வருகிறார்கள். சேலையோடு லேடீஸ் சைக்கிள் ஓடிப் படிப்பித்த ரீச்சர்மாரைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஏ.எல். முடியும்வரை ஒவ்வொரு நாளும் பத்துக் கிலோமீற்றர் ஓடின பெண்பிள்ளை, கலியாணம் முடிந்ததும் ஸ்கூட்டியின் பின் சீற்றில் ஏறுகிறாள், பிறகு ஓடுவதேயில்லை. உடம்பு மறக்கவில்லை, ஊர் மறக்கவைக்கிறது. என் அக்கா 44 வயதில் திரும்பத் தொடங்கினார். முதல் கிழமை ஒழுங்கைக்குள் மட்டும், இப்போது பொன்னாலை வரை.

செயலுக்கு வருவதென்றால்: இருவராகவோ மூவராகவோ தொடங்குங்கள், விடியும் வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், போகும் பாதையை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சோல் போட்டால் பின்னால் முடிந்துவிடுங்கள், சில்லுக்குள் சிக்கினால் கழுத்தை இழுக்கும். யாராவது மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தால் அருகிலுள்ள கடையிலோ வீட்டுப் படலையிலோ நின்றுவிடுங்கள். எங்கள் ஊரில் விடியற்காலையில் வாசல் கூட்டாத வீடு குறைவு.

வீட்டுக்குள் நின்ற இடத்தில் உழக்குவதும் சைக்கிள் ஓட்டமா?

ஓம். யாழ்ப்பாணத்துக்கு அது புதிதும் அல்ல. 1990 இல் மின்சாரம் போய்ப் பல ஆண்டுகள் வராமல் இருந்தது. பற்றரியும் கிடைக்காது. சைக்கிளை டபிள் ஸ்ராண்டில் ஏற்றிப் பின் சில்லைச் சுற்ற, அதில் உராயும் டைனமோ 6 வோல்ற் தரும், அதில் றேடியோ பாடும். இரவில் பி.பி.சி. தமிழோசைச் செய்தி கேட்க எத்தனை வீட்டு விறாந்தையில் பெடல் சுற்றியிருக்கிறார்கள். சுற்றுகிறவர் களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கும், "டேய் சுத்தடா" என்று பெரியவர்கள் கத்துவார்கள். நானும் சுற்றியிருக்கிறேன். எங்கும் போகாமல் உழக்கி உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த சனம் நாங்கள். ஆகவே இன்றைக்கு ஒருவர் அறைக்குள் உழக்குவதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவும் குழியும் ஒன்றாகத் தெரியும் காலத்தில் வீட்டுக்குள் உழக்குவதுதான் புத்தி.

வீட்டுக்குள் ஓட என்ன வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய உடற்பயிற்சிச் சைக்கிள்கள் பல வீடுகளில் சாமான் அறையில் கிடக்கின்றன. ஏன் கைவிடப்பட்டன என்று கேட்டால் "சரியான அவிச்சல்" என்பார்கள். காரணம் உடம்பில்தான் இருக்கிறது. நாம் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழக் கால்பங்குதான் பெடலுக்குப் போகும், மிச்சமெல்லாம் சூடு. தெருவில் ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகிறது. அறைக்குள் கொண்டுபோக ஒன்றுமில்லை, அதுவும் எங்கள் புழுக்கத்தில் வேர்வை காயாமல் ஒழுகும். எனவே முதலில் வாங்க வேண்டியது நல்ல மேசைக் காற்றாடி, நெஞ்சுக்கு நேரே வையுங்கள். கூரைக் காற்றாடி போதாது. சைக்கிளைச் சாமான் அறையிலிருந்து விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

உங்கள் சொந்தச் சைக்கிளின் பின் சில்லை உருளையில் வைத்து ஓடும் கருவி, பின் சில்லைக் கழற்றிவிட்டுச் செயினையே நேரடியாக மாட்டும் கருவி என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது சத்தம் குறைவு, விலை கூட. எதுவானாலும் ஹான்டிலின் மேல் துவாய் ஒன்று போடுங்கள். வேர்வை உப்பு, கடல்காற்றைவிட வேகமாக ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

கரண்ட் போனால் காற்றாடியும் நிற்கும். அப்போது நீங்களும் நிறுத்துங்கள்.

ஒரே அலுப்பு. பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.

ஒரே வேகத்தில் உழக்கினால் அலுக்கும். ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு இரண்டு நிமிடம் கதைக்க முடியாத அளவு பலமாக, மூன்று நிமிடம் இலேசாக, இப்படி ஐந்து முறை, கடைசியில் ஐந்து நிமிடம் ஆறுதலாக. 35 நிமிடம் தெரியாமலே போகும். வீட்டுக்குள் இறக்கமும் இல்லை, சந்தியும் இல்லை, ஒரு நிமிடமும் சும்மா உருளாது. ஆகவே தெருவில் ஒரு மணித்தியாலம் ஓடுகிறவருக்கு உள்ளே 40 நிமிடம் போதும்.

ஸ்விப்ற் போன்ற செயலிகளில் கற்பனைத் தெருக்களில் மற்றவர்களோடு ஓடலாம். அதற்கு மாதக் கட்டணம் உண்டு, பொருந்தும் கருவியும் வேண்டும். நான் செய்வது அதைவிட எளிது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, பனிக்காலத்தில் இரவு எட்டு மணிக்குத் தன் நிலவறையில் உழக்குவான், எங்களுக்கு அது மறுநாள் விடிய ஆறரை. வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டு இருவரும் உழக்குவோம். அவனுடைய யன்னலில் பனி, என்னுடைய முற்றத்தில் மழை. அதிகம் கதைப்பதில்லை, மூச்சுத்தான் கேட்கும். போன மாரியில் ஒருநாள் "அண்ணா, இப்ப எந்த இடத்தில நிக்கிறம்?" என்று கேட்டான். "நீர்வேலி தாண்டிட்டம்" என்றேன். அன்றுமுதல் ஒவ்வொரு தடவையும் ஒரு பாதை சொல்லிக்கொண்டு ஓடுகிறோம்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஓட விடலாமா?

வைத்தியரைக் கேட்டுவிட்டு விடலாம், நல்லதுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சீனியைக் குறைக்கும் சில குளிசை எடுப்பவர்களுக்கும் ஓடும்போதோ பிறகோ சீனி திடீரென்று இறங்கலாம். வெறுவயிற்றில் விடவேண்டாம். சட்டைப்பையில் சீனி அல்லது இனிப்பு இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வேர்த்து, தலை சுற்றினால் உடனே இறங்கிச் சாப்பிடவேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் செருப்போடு ஓடக்கூடாது, மூடிய சப்பாத்து வேண்டும். கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் அவருக்குரிய வேகம்.

தீவுப் பக்கம் போய்வந்தால் செயின் துருப்பிடிக்கிறது.

நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அப்படியே காயவிட்டால் வெள்ளை படியும். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துச் சைக்கிள் எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பத்து வருடமாக விறாந்தையில் கிடக்கும் சைக்கிளை ஓடலாமா?

ஓடலாம். ரயரின் பக்கங்களில் வெடிப்பு இருந்தால் இரண்டு ரயரும் ரியூப்பும் புதிதாகப் போடுங்கள். பிறேக் கட்டைகள் கல்லாகியிருக்கும், அவற்றையும் மாற்றுங்கள். சில்லுகளின் அச்சையும் பெடல் அச்சையும் கழற்றிக் கிறீஸ் வைக்கச் சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் கொடுங்கள். ஒருநாள் வேலைதான். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமத்திப் பார்த்து, தளர்ந்தவற்றைச் சொல்லிக் கொடுங்கள். வால்கட்டை றப்பர் பழசாக இருந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது, அது சில ரூபாய்ச் சாமான். எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அன்றைக்கே ஓடவேண்டாம். காற்று நிறைய அடித்து நிறுத்திவிட்டு, விடிய எழும்பி ரயரை அமத்திப் பாருங்கள். அப்படியே இருந்தால் படலையைத் திறக்கலாம்.